மலையில் ரேடியோ மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இந்தக் காலத்திலும், சிறு வெடி வைத்து எழும் அதிர்வலைகளைக் கொண்டு நிலத்தடிப் பாறைகளை அறியும் நில அதிர்வலை ஆய்வுக்கு ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்குள் எதற்குக் கேபிள் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். தரையின் அதிர்வை உணரும் ஜியோபோன் கருவியின் ஒரு சேனலுக்கு, அதாவது ஒரு பதிவுத் தடத்துக்கு, நொடிக்கு 500 அளவீடு, ஒவ்வொன்றும் 24 பிட். ஆறு நொடிப் பதிவு 72,000 பிட். நொடிக்கு 9,600 பிட் அனுப்பும் வி.எச்.எஃப். ரேடியோ மோடத்தில் இதற்கு ஏழரை நொடி. 100 சேனலுக்குப் பன்னிரண்டரை நிமிடம். ஒவ்வொரு வெடிக்கும் இப்படிக் காத்திருந்தால் வேலை ஓடாது.

ஆகவே சரிவு நெடுகக் கேபிள்தான். கேபிள் எட்டாத, பள்ளத்தாக்குக்கு அப்பால் உள்ள பதிவுப் பெட்டி, பதிவைத் தன்னிடமே சேமித்துக்கொண்டு பேட்டரி நிலையையும் ஒன்றிரண்டு மாதிரிச் சேனல்களையும் மட்டும் ரேடியோவில் அனுப்பினால் போதும். ஆனால் பெட்டிகளின் கடிகாரங்களை ஒத்துவைக்கும் வேலையை ரேடியோவிடம் ஒப்படைக்கக் கூடாது. மோடத்தின் தாமதம் ஒரே சீராக இராது. இந்த மலையின் கடினமான சார்னோகைட் பாறையில் அலை நொடிக்குச் சுமார் 6 கி.மீ. ஓடுகிறது, ஒரு மில்லி நொடி பிசகினாலே 6 மீட்டர் போச்சு. துல்லிய நேரத்துக்குப் பெட்டிக்கொரு ஜி.பி.எஸ். கட்டாயம்.

ரேடியோ அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டரை உச்சியில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். 150 மெகாஹெர்ட்ஸில் 6 கி.மீ. இணைப்புக்கு, நடுவழியில் வரும் முகட்டுக்கும் அதற்கு மேலே அலை செல்லும் நேர்கோட்டுக்கும் நடுவே 33 மீட்டராவது இடைவெளி வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு இடைவெளி குறைவாகவே போதும். ஆனால் மழையில் நனைந்த சில்வர் ஓக் இலைகள் அதை விழுங்கிவிடும். செல்போன் கோபுரங்கள் நிற்கும் மேடும் ஆகாது, பக்கத்து அலைகளின் இரைச்சலில் நம் ரிசீவர் செவிடாகிவிடும்.

கேபிளில் பெரும் தொல்லை, துண்டுகளை இணைக்கும் கனெக்டர்தான். மூடியைத் திறந்து ஈர மண்ணில் போட்டால் தீர்ந்தது. மின்கசிவைத் தடுக்கும் காப்புத்தடை, மெகா ஓமில் இருக்க வேண்டியது, கிலோ ஓமுக்கு இறங்கும். பக்கத்து மின்கம்பியின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பதிவு முழுக்கப் படியும். துடைத்து, உலர்த்தி, மூடியிட்டுக் கிளையில் தொங்கவிடுவதே வழி. கொண்டை ஊசி வளைவுகளில் கேபிளைத் தார்மேல் போடாமல் சிறுபாலத்தின் அடியில் நுழைக்க வேண்டும். காட்டெருமைத் தடங்களில் தரையோடு தரையாகக் கிடக்கட்டும், தொய்வாகத் தூக்கிக் கட்டினால் காலில் மாட்டும். ஏப்ரல், மே மாதப் பிற்பகல்களில் இடி கேட்டதுமே துண்டு துண்டாகக் கழற்றிவிட வேண்டும். நீண்ட கேபிள் ஒரே இடத்து மின்னலைப் பல பெட்டிகளுக்குக் கொண்டுபோகும்.

தோட்டக்காரர்கள் கவாத்து நாட்களை ஆய்வுக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் கேபிள் வெட்டுப்படுவது பாதி குறையும். வெட்டுப்பட்டால் முறுக்கிக் கட்டிவிடாமல் அப்படியே விட்டுத் தகவல் சொல்லுங்கள். முறுக்கிய இடத்தைத் தேடிப் பிடிப்பதுதான் பெரும்பாடு.

இப்படிக்கு,
அதிர்வலை ஆய்வுக் கருவிப் பணியாளர்கள்,
சேலம்.