குழைந்துபோன உருளைக்கிழங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த உலக சினிமா கட்டுரையில், ஷாந்தால் அகெர்மான் இயக்கிய ‘ழான் டீல்மன்’ படத்தைப் ‘பொறுமையைச் சோதிக்கும் படம்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சோதிக்கும்தான், மறுக்கவில்லை. 3 மணி 21 நிமிடம் ஓடுகிறது. பின்னணி இசை கிடையாது. கேமரா வைத்த இடத்தைவிட்டு அசையாது. முதல் தடவை நானும் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, போனை அணைத்து வைத்துவிட்டு, முதலிலிருந்து பார்த்தேன்.

பிரஸ்ஸல்ஸ் நகரில் பள்ளிக்குப் போகும் மகனோடு வாழும் ஒரு விதவையின் மூன்று நாட்கள்தான் கதை. உருளைக்கிழங்கு உரிக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கடைக்குப் போகிறாள். ஓர் அறையைவிட்டு வெளியே வரும்போதெல்லாம் மறக்காமல் விளக்கை அணைக்கிறாள். பிற்பகலில் தினமும் ஓர் ஆண் வந்து போகிறான். அவன் தரும் பணத்தைச் சாப்பாட்டு மேசையில் இருக்கும் சூப் பாத்திரத்துக்குள் போட்டு மூடி வைக்கிறாள். வீட்டுச் செலவு அதிலிருந்துதான். இதையும் கிழங்கு உரிப்பதையும் படம் ஒரே நிதானத்தோடு காட்டுகிறது.

இரண்டாம் நாள், வந்தவன் போனபின் அவள் தலைமுடி சற்றுக் கலைந்திருக்கிறது. சூப் பாத்திரத்தை மூட மறக்கிறாள். அடுப்பில் உருளைக்கிழங்கு குழைந்துவிட்டது. பாத்திரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, அதை என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டுக்குள் அலைகிறாள். முப்பது வருடமாகச் சமையலறையில் நிற்கிற எனக்கு நெஞ்சு பகீரென்றது. வாய்விட்டு “ஐயோ” என்றேன். திரையில் நடந்தது அவ்வளவுதான், கிழங்கு குழைந்துவிட்டது! ஆனால் முதல் நாள் முழுக்க அவளோடு உட்கார்ந்திருந்ததால், எது எப்போது நடக்க வேண்டும் என்பது அவளைப் போலவே எனக்கும் பழகியிருந்தது. அந்த முதல் நாளைப் பத்து நிமிடத்தில் வெட்டிச் சுருக்கியிருந்தால் இந்தக் கிழங்கு யார் கண்ணிலும் பட்டிருக்காது. படத்தின் நீளம் எதற்கு என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

மூன்றாம் நாள் காபி சரியாக வரவில்லை. கொட்டிவிட்டு மறுபடி போடுகிறாள், அதுவும் பிடிக்கவில்லை. வேலை இல்லாத நேரம் கொஞ்சம் மிஞ்சுகிறது. நாற்காலியில் சும்மா உட்காருகிறாள். எந்தப் பேய்ப் படத்திலும் நான் அப்படிப் பயந்ததில்லை. அவளாக நடித்த டெல்ஃபின் செரிக் முகத்தில் எதையும் பெரிதாகக் காட்டுவதில்லை, எல்லாம் அந்தக் கைகளில்தான் இருக்கிறது.

இதை எடுத்தபோது அகெர்மானுக்கு வயது 24. ஒளிப்பதிவு செய்த பாபெத் மாங்கோல்ட்டும் பெண். 1975இல் பிரான்ஸின் கான் திரைப்பட விழாவில் திரையிட்டபோது பலர் பாதியில் எழுந்து போனார்கள். 2022இல் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்ற பிரிட்டிஷ் சினிமா பத்திரிகை உலகெங்கும் உள்ள விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இதுவே முதலிடம் பிடித்தது. ஒரு பெண் இயக்கிய படம் அந்தப் பட்டியலில் முதலில் வந்தது அதுவே முதல் தடவை. பட்டியலுக்காகச் சொல்லவில்லை. வீட்டு வேலையை, அது பிடிக்கிற நேரத்தோடு, ஒரு கொலைக்கோ காதலுக்கோ தரும் கவனத்தைத் தந்து யாரோ படமாக்கியிருக்கிறார்கள் என்பதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

இந்தப் படத்துக்கு உங்கள் இதழில் இரண்டு பக்கமாவது ஒதுக்குங்கள். முடிவை மட்டும் எழுதிவிட வேண்டாம். இரண்டாம் நாள் உருளைக்கிழங்கு வரைக்கும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்