2024–25 ஆண்டறிக்கை: கொம்புத்திருக்கைகளைத் தேடி மாலத்தீவுக்குச் சென்ற ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, மூத்தவர்களே, இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் என் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நமது கடல் ஆர்வலர் சங்கம் செய்த பணிகளின் அறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொல்லி முடித்துக்கொள்கிறேன். ஆகஸ்டு மாத மாலத்தீவுப் பயணத்தைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. சங்கத்தின் பணம் அதில் செலவாகியிருக்கிறது. அங்கே கற்றதை வைத்து இன்று ஒரு தீர்மானமும் கொண்டுவர இருக்கிறோம்.

மாதக் கூட்டங்கள் ஒன்றுகூட விடுபடாமல் நடந்தன. கடற்கரைத் துப்புரவுப் பணி மழைக்காலத்தில் இரண்டு மாதம் மட்டும் நின்றது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைப் பற்றிப் பள்ளிகளில் பேசும் திட்டத்துக்கு ஆசிரியர்களிடமிருந்து நல்ல ஆதரவு கிடைத்தது. சங்கம் தொடங்கிய நாள் முதல் நம்மோடு இருந்த மூத்த உறுப்பினர் ஒருவரைத் தை மாதத்தில் இழந்தோம். அவர் கொடுத்த பழைய மீன் படங்கள் நம் அலமாரியில் இருக்கின்றன. அவருக்கு நம் அஞ்சலி.

இனி பயணம். மாலத்தீவின் 'பா' என்ற பவளத்தீவுக் கூட்டத்தில் மான்ட்டா திருக்கைகளை, அதாவது நம் கொம்புத்திருக்கைகளை, கணக்கெடுக்கும் பணியில் பொதுமக்களும் சேரலாம் என்று தெரிந்தபோது, செயற்குழுவில் இரண்டு கருத்து இருந்தது. அங்கே போய்ச் செலவழிப்பதைவிட நம் கடலிலேயே ஏதாவது செய்யலாமே என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ள ஓர் இடம் வேண்டும். 2005 முதல் அங்கே தொடர்ந்து பதிவு நடக்கிறது. 5,000-க்கும் மேற்பட்ட திருக்கைகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டு பட்டியலிட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் கணிசமான படங்கள் நம்மைப் போல வந்து போனவர்கள் எடுத்தவை. அதனால் போவதென்று முடிவானது. பயணச் செலவில் பெரும்பகுதியை உறுப்பினர்களே ஏற்றார்கள். கேமரா வாடகையும் பதிவுக் கட்டணமும் மட்டும் சங்கக் கணக்கில் வந்தன.

ஏழு பேர் போனோம். ஐந்து பேர் ஸ்கூபா, அதாவது சிலிண்டர் கட்டி முங்கும், சான்றிதழ் பெற்றவர்கள். ஆறாவது நம் ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை. ஏழாவது, இளமையில் சங்கு குளித்த நம் அண்ணாச்சி. அவருக்கு அறுபத்து நான்கு வயது. வாழ்நாளில் முதல் விமானப் பயணம். திருவனந்தபுரத்திலிருந்து மாலே போய் இறங்க ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. "எங்க அய்யா வெங்காயமும் உப்பும் ஏத்திக்கிட்டு தோணியில இங்க வந்து சேர எத்தனை நாளு ஆச்சு தெரியுமா?" என்று இறங்கும்போது கேட்டார். மாலத்தீவுக்காரர்கள் தங்கள் படகைச் சொல்லும் சொல்லும் ஏறக்குறைய தோணிதான். துறைமுகத்தில் அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

நாங்கள் தங்கியது தரவந்தூ என்ற ஊர்த்தீவில். அங்கிருந்து படகில் சிறிது நேரத்தில் ஹனிஃபாரு விரிகுடா வந்துவிடும். விரிகுடா என்றதும் பெரிய இடமாக நினைக்க வேண்டாம். ஒரு கால்பந்து மைதானம் அளவுதான். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஜூன் முதல் நவம்பர் வரை, பவளத்தீவுகளின் கிழக்கு ஓரத்தில் நுண்ணுயிர் மிதவைகள் சேரும். அமாவாசை, பௌர்ணமி ஏற்றத்தின்போது அலைநீர் இந்த முட்டுச்சந்துக்குள் அவற்றைத் தள்ளிக்கொண்டு வந்து அடைத்துவிடும். அதைத் தின்னத்தான் திருக்கைகள் வருகின்றன. நல்ல நாளில் நூற்றுக்கு மேல்கூடக் கூடுவதுண்டு. 2009-ல் இந்த இடத்தைப் பாதுகாக்கப்பட்ட கடல் பகுதியாக அறிவித்தார்கள். 2011-ல் பா பவளத்தீவுக் கூட்டம் முழுவதும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமானது. 2012 முதல் ஹனிஃபாருவுக்குள் சிலிண்டர் கட்டி முங்க அனுமதி இல்லை. ஒரே நேரத்தில் ஐந்து படகுகள், எண்பது பேர், ஒரு குழுவுக்கு 45 நிமிடம் என்று கட்டுப்பாடு. கைடு இல்லாமல் இறங்க முடியாது. நம் மன்னார் வளைகுடாவும் யுனெஸ்கோ காப்பகம்தான் என்பதை அங்கிருந்த பணியாளர்களிடம் சொன்னோம். அவர்கள் ஆர்வமாகக் கேட்டுக்கொண்டார்கள்.

முதல் இரண்டு நாள் ஹனிஃபாருவில் ஒன்றும் இல்லை. பச்சைத் தண்ணீர், மழை, படகு ஆட்டம். ஸ்கூபா குழு தரவந்தூவை ஒட்டிய தில்லாவில் இறங்கியது. தில்லா என்றால் கடலடியிலிருந்து எழும்பி நிற்கும் பவளத் திட்டு. அங்கே திருக்கைகள் உடம்பைச் சுத்தம் செய்துகொள்ள வரும். நீலக் கோடு போட்ட சுண்டு விரல் அளவு மீன்கள் வந்து, அவற்றின் தோலிலும் செவுள் துளைகளிலும் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும். நாங்கள் திட்டுக்கு விலகி, மணலில் படாமல், மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டு காத்திருந்தோம். இருபது நிமிடம் கழித்து ஒரு பெரிய பெண் திருக்கை வந்து திட்டின் மேல் அசையாமல் நின்றது. எங்களுக்கு மேல் ஒரு பந்தல் போட்டதுபோல நிழல் விழுந்தது. வாயோரம் இருபுறமும் இருக்கும் மடல்களை அது சுருட்டி வைத்திருந்தது. நம் மீனவர்கள் கொம்பு என்று சொல்வது அதைத்தான். இரை எடுக்கும்போது அந்தச் சுருள் விரிந்து, நுண்ணுயிர்களை வாய்க்குள் ஒதுக்கித் தள்ளும் அகப்பையாகிவிடும். வாலில் முள்ளும் கிடையாது. கொம்பைப் பார்த்துப் பயப்பட ஒரு காரணமும் இல்லை.

படம் எடுக்கும் முறையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வேண்டியது வயிற்றுப்புறப் படம். செவுள் துளைகளுக்கு நடுவிலும் வயிற்றிலும் இருக்கும் கரும்புள்ளிகள் ஒவ்வொன்றுக்கும் வேறு. பிறந்தது முதல் மாறாது. நம் கைரேகை மாதிரி. அந்தப் படத்தோடு நாள், நேரம், இடம், அகலம் எவ்வளவு இருக்கும் என்ற மதிப்பீடு, ஆணா பெண்ணா, காயம் உண்டா, என்ன செய்துகொண்டிருந்தது என்பதை எழுத வேண்டும். ஆணுக்கு வால் தொடங்கும் இடத்தில் இரண்டு விரல் போன்ற உறுப்புகள் தெரியும். எவ்வளவு அழகான படமாக இருந்தாலும், முதுகைக் காட்டினால் பதிவுக்கு அதிகம் உதவாது. இதை நாங்கள் புரிந்துகொள்ள ஒரு நாள் முழுக்க ஆனது.

ஒரு தவறையும் இங்கே பதிவு செய்கிறேன். கேமரா கடிகாரங்களை நான்தான் சரிபார்த்தேன். மாலே நேரம் நம் நேரத்தைவிட அரை மணி பின்னால். அதை நான் மாற்ற மறந்துவிட்டேன். அலை ஏறுகிறதா வடிகிறதா என்பதை வைத்துத்தான் அங்கே கணக்கெடுப்பவர்கள் எதையும் பார்க்கிறார்கள். அரை மணி பிசகினால் பதிவு பொய்யாகிவிடும். இரண்டு இரவு உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் நேரத்தைத் திருத்தினோம். ஆசிரியை அம்மா கண் வலியோடு உதவினார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேன். இனி எந்தக் களப்பணிக்கும் முதல் வேலை கடிகாரம்தான் என்று நம் கையேட்டில் எழுதிவிட்டோம்.

ஆகஸ்டு 19 பௌர்ணமி. மறுநாள் காலை ஹனிஃபாருவிலிருந்து தகவல் வந்ததும் ஓடினோம். தண்ணீருக்குள் முகம் வைத்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை, அவ்வளவு கலங்கல். பிறகு கலங்கலுக்குள்ளிருந்து வெள்ளை வாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒன்றின் வாலை ஒட்டி அடுத்தது, அதை ஒட்டி அடுத்தது. எங்களால் எண்ண முடிந்தது முப்பத்தி இரண்டு. அதற்குமேல் வரிசை வளைந்து வட்டமாகிவிட்டது, எது முதல் எது கடைசி என்று தெரியவில்லை.

அண்ணாச்சியிடம் அன்று காலை கைடு ஒரு விதி சொல்லியிருந்தார்: மூன்று மீட்டருக்குள் நெருங்கக் கூடாது, தொடக் கூடாது, துரத்தக் கூடாது, கீழே முங்கக் கூடாது, மேலேயே மிதக்க வேண்டும். இருபது வருடம் கடலடிக்கு முங்கி முங்கிச் சங்கெடுத்த மனிதரிடம் மிதக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். இளைஞர்களான நாங்கள் கால் அடித்து அங்கும் இங்கும் நீந்திக்கொண்டிருந்தபோது, அவர் கை கால் பரப்பிக் கட்டுமரம் மாதிரி ஒரே இடத்தில் கிடந்தார். ஸ்நார்கல் குழாய் வழியாக மூச்சு போய் வருவதுகூடத் தெரியவில்லை. நாற்பது நிமிடத்தில் அவரிடம்தான் அதிகமான திருக்கைகள் வந்தன. ஒன்று அவருக்கு நேர் கீழே வந்து, இரை திரண்டிருந்த இடத்தில் குட்டிக்கரணம் போட்டது. வயிறு முழுவதும் மேலே திரும்பியது. அவர் கையிலிருந்த சிறிய கேமராவில் ஒரே ஒரு முறை அழுத்தினார்.

அந்த வாரம் எங்கள் எல்லோரிடமும் நூற்றுக்கணக்கில் படங்கள் இருந்தன. அடையாளம் காணத் தகுதியானவை பதினேழுதான். அவற்றில் மிகத் தெளிவானது அண்ணாச்சி எடுத்தது. பட்டியலோடு ஒப்பிட்டபோது அது ஏற்கெனவே பலமுறை பதிவான பெண் திருக்கை என்று தெரிந்தது. வலது இறக்கை ஓரத்தில் பழைய வெட்டுத் தழும்பு இருந்தது. படகு விசிறி பட்டதாக இருக்கலாம் என்றார்கள். பெண் திருக்கை முதிர்ச்சி அடையவே ஏறத்தாழ 15 ஆண்டு ஆகும். ஓராண்டுக்கு மேல் சுமந்து ஒரே ஒரு குட்டி போடும். குட்டி, இறக்கைகளைப் பாய்போலச் சுருட்டிக்கொண்டு வெளியே வரும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகலாம். இப்படிப்பட்ட உயிரினத்தை வலையில் அள்ளினால் திரும்பப் பெருக என்ன வழி இருக்கிறது? மாலத்தீவு 1995-லேயே திருக்கை ஏற்றுமதியைத் தடை செய்தது. 2014-ல் எல்லாத் திருக்கை இனங்களுக்கும் பாதுகாப்பு கொடுத்தது. அந்த முடிவுகளின் பலனைத்தான் நாம் அங்கே கண்ணால் பார்த்தோம்.

நம் பக்க நிலைமையை இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொம்புத்திருக்கை நம் ஏலக்கூடத்துக்கு வருகிறது. இந்தியாவும் இலங்கையும் அதை அதிகம் பிடிக்கும் நாடுகளில் அடங்கும். இறைச்சியைவிட அதன் செவுள் தட்டுக்குத்தான் விலை. காய வைத்துச் சீனாவுக்கு மருந்துச் சரக்காகப் போகிறது. பெரும்பாலும் வேறு மீனுக்குப் போட்ட வலையில் வந்து சிக்குவது. மீனவரைக் குறை சொல்லி ஆகப்போவது எதுவும் இல்லை. அவரிடம் தகவல் கேட்டு, எழுதி, அவரோடு சேர்ந்து ஒரு வழி காண வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். ஒரு குறை மட்டும் சொல்லிவிடுகிறேன். முதலில் நாம் முன்பணம் கட்டிய ஒரு பயண முகவர், தேதி மாறியபோது பணத்தைத் திருப்பித் தரவில்லை. மூன்று கடிதம் எழுதியிருக்கிறோம். வழக்கறிஞரான நம் உறுப்பினர் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறார்.

செயற்குழு கொண்டுவரும் தீர்மானம் இதுதான். வரும் ஆண்டில் வாரம் இரண்டு நாள், அதிகாலை ஐந்து மணிக்கு, ஏலக்கூடத்தில் வந்திறங்கும் கொம்புத்திருக்கைகளைப் பதிவு செய்வது. வயிற்றுப் படம், அகலம், ஆணா பெண்ணா, எந்த வலை, எத்தனை பாக ஆழத்தில் பிடித்தது என்று ஒரு பக்கப் படிவம் தயாராக இருக்கிறது. விசைப்படகு உரிமையாளர்களிடமும் நாட்டுப்படகு மீனவர் சங்கத்தினரிடமும் அண்ணாச்சி முன்கூட்டியே பேசிவிட்டார். படம் எடுக்க ஆட்சேபம் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். வலையில் உயிரோடு இருந்தால் வெட்டாமல் விட முடியுமா என்ற பேச்சையும் அவர் தொடங்கியிருக்கிறார்.

இந்தப் பணிக்குப் பத்துப் பேர் வேண்டும். முதல் மூன்று திங்கட்கிழமைகளை அண்ணாச்சி எடுத்துக்கொண்டார், வெள்ளிக்கிழமைகளை ஆசிரியை அம்மா. மற்றவர்கள் கூட்டம் முடிந்ததும் கதவருகே இருக்கும் நோட்டில் பெயரும் வர முடிந்த நாளும் எழுதிச் செல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். அளக்கும் டேப் ஆறு வாங்கியாயிற்று.

நன்றியுடன்,
செயலாளர்