நான்கு அடுப்பு வேண்டாம், வசந்தா

அன்புள்ள வசந்தா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. தங்கை வீட்டுக்காரர் அந்த இடத்தை இன்னும் விற்கவில்லை, நீ கேட்கவும் வேண்டாம். மற்றதெல்லாம் நேரில்.

சுமதி வந்திருந்தாள். உன் மாமனார் இனி உங்களோடுதான் என்றும், ரத்த அழுத்தத்துக்காக அவருக்கு உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றும் சொன்னாள். அண்ணனுக்கு, அதாவது உன் வீட்டுக்காரருக்கு, சர்க்கரை நோய். பெரியவனுக்கு எந்நேரமும் பசி. சின்னவள் வெள்ளையாக இல்லாத எதையும் வாயில் வைப்பதில்லை. ஆகவே நீ வேளைக்கு நான்கு விதமாகச் சமைத்து, நான்கு நேரத்தில் பரிமாறி, கடைசியில் நின்றபடியே மிச்சத்தை வழித்துச் சாப்பிடுகிறாயாம். சுமதி அதை உன் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னாள். எனக்குக் கோபம்தான் வந்தது. விடுதியில் 'எல்லோருக்கும் ஒரே சாப்பாடு' என்று அட்டை எழுதிப் பிடித்துக்கொண்டு வார்டன் அறை வாசலில் உட்கார்ந்தவள் யார்? அந்த அட்டையை உன் சமையலறையில் மாட்டு.

நீ நினைப்பதுபோல் மாமனாருக்கு வேண்டியது நோயாளிச் சாப்பாடு இல்லை. வயது வந்தவர்கள் யாரானாலும் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம். மொத்தத்தில் ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், பிஸ்கட், பாக்கெட் நொறுக்குத்தீனி எல்லாவற்றிலும் இருக்கிற உப்பும் அந்தக் கணக்கில்தான் வரும். குழந்தைகளுக்கு அதைவிடக் குறைவு. அவருக்காகக் குறைக்கிற உப்பு உன் வீட்டில் எல்லோருக்குமே குறைய வேண்டியதுதான். அண்ணன் விஷயமும் அதே. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளி 2011இல் ஒரு தட்டுப் படம் வெளியிட்டது. பாதித் தட்டு காயும் பழமும், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. சர்க்கரை உள்ளவருக்கும் ஏறக்குறைய இதே தட்டைத்தான் மருத்துவர்கள் சொல்கிறார்கள். வளர்கிற பையனுக்கும் நல்லது இதுதான். ஆளுக்கு ஆள் மாறுவது அளவு, காரம், எவ்வளவு குழைய வேண்டும் என்பது மட்டுமே. அவற்றைக் கரண்டியால் பிரித்துவிடலாம். தனித்தனி அடுப்பு எதற்கு?

என் வீட்டில் நடப்பதை உன் வீட்டு ஆட்களுக்கு ஏற்றபடி எழுதுகிறேன். முதல் நாள் இரவு கொண்டைக்கடலையை ஊறவைக்கிறேன். காலையில் அந்த நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் விரலால் நசுக்கினால் மசிகிற வரை வேகவைக்கிறேன். வெங்காயம், தக்காளி, பூசணி, கேரட் எல்லாம் அதே பாத்திரத்தில். உப்பும் காரமும் இன்னும் விழவில்லை. இந்த இடத்தில்தான் அடுப்பைத் தணித்துக் கிண்ணங்களை எடுக்கிறேன். குழந்தைக்கு ஒரு கரண்டி எடுத்து நன்றாக மசித்துவிட வேண்டும். உன் சின்னவள் வயதில் முழுக் கடலை தொண்டையில் சிக்கிக்கொள்ளும். பெரியவருக்கு இரண்டு கரண்டி, பூசணி அதிகமாக விழும்படி, பாதி மசித்து. பிறகுதான் பாத்திரத்தில் மிச்சமிருப்பதற்கு அளவாக உப்பு, மிளகு, காரம். பெரியவனுக்கு மேலே ஒரு அவித்த முட்டை. அண்ணனுக்குச் சோறு குறைவு, காய் அதிகம். எல்லாத் தட்டிலும் கடைசியாக எலுமிச்சை பிழிகிறேன். உப்பு குறைந்தது நாக்குக்கே தெரியாது. கடலையிலும் கீரையிலும் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு பிடித்துக்கொள்ளவும் எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது நேர்மாறாக வேலை செய்யும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். (மாமனாரிடம் இதை நீ சொல்லாதே, அண்ணனைச் சொல்லச் சொல்.)

கடலை கிடைக்காத நாளில் துவரை, பாசிப்பயறு, மைசூர்ப்பருப்பு, எது கையில் இருக்கிறதோ அது. சிவப்பு ராஜ்மாவில் மட்டும் கவனம். அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் பொருள் இருக்கிறது. ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, குறைந்தது 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவைத்த பிறகுதான் தீயைக் குறைக்க வேண்டும். அரைவேக்காட்டில் சாப்பிட்டால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

செலவைப் பற்றி நீ புலம்பியதையும் சுமதி சொன்னாள். காய்ந்த பருப்பும் பயறும் புரதத்துக்கு மலிவான வழி. 100 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையில் ஏறக்குறைய 20 கிராம் புரதம், வெந்தால் எடை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடுகிறது. தானியத்தில் லைசின் என்ற புரதக் கூறு குறைவு, பருப்பில் மெத்தியோனின் என்ற கூறு குறைவு. இரண்டையும் ஒரே நாளில் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றது தீர்த்துவிடும். இந்த வயதில் மாமனாருக்கு உன்னைவிடப் புரதம் அதிகம் தேவைப்படலாம். வெறும் கஞ்சியைக் கொடுத்துவிட்டு 'லேசாகச் சாப்பிட்டார்' என்று திருப்திப்படாதே. வயதானவர்கள் தசை இழந்து தளர்வதை நாம் பெரியம்மாவிடம் பார்த்தோமே, மறந்துவிட்டாயா?

பணம் உண்மையில் போவது குப்பையில். உலகம் முழுக்க வீடுகளில் மட்டும் 2022ஆம் ஆண்டில் ஆளுக்குச் சராசரியாக 79 கிலோ உணவு வீணானது என்று ஐ.நா.வின் சுற்றுச்சூழல் திட்டம் கணக்கிட்டிருக்கிறது. உன் வீட்டு ஆட்களை எண்ணிப் பெருக்கிப் பார். அதனால் நான் கடைக்குப் போகும் முன் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்து, வாடப்போகிற காய்க்கு முதல் நாளை ஒதுக்கிவிட்டுத்தான் பட்டியல் எழுதுகிறேன். வாரம் முழுவதையும் நிரப்புவதில்லை. ஓரிரு நாள் காலியாக இருக்கும், மிஞ்சியதெல்லாம் அன்றைக்குத் தீரும். கீரை முதலில், முட்டைக்கோசும் கேரட்டும் பூசணியும் பிறகு; அவை தாங்கும்.

மிஞ்சியது என்றதும் ஒன்று, இதில் விளையாட்டு வேண்டாம். மிஞ்சிய சோற்றை அடுப்படியிலேயே விட்டுவைக்காதே. அரிசியில் இருக்கும் ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் வெந்த பிறகும் சாகாது. சோறு வெளியிலேயே கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும், மறுபடி சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பதனப் பெட்டியில் வை. குழந்தையும் முதியவரும் இருக்கிற வீடு, வசந்தா.

இப்போது சின்னவள். அந்தப் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், உன் அம்மாவைக் கேள். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் பெற்றோருக்கும் குழந்தைக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்தார். என்ன, எப்போது, எங்கே என்பது பெற்றோர் முடிவு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. நான் கேள்விப்பட்ட அறிவுரைகளிலேயே சண்டையைக் குறைப்பது இதுதான். எல்லோருக்கும் வைப்பதில் கொஞ்சம் அவள் தட்டிலும் வை. அவளுக்குப் பழகிய ஒன்று, சோறோ தயிரோ, பக்கத்தில் இருக்கட்டும். பூசணியைத் தொடாவிட்டால் போகட்டும். கெஞ்சாதே, கதை சொல்லி ஊட்டாதே, 'இதைச் சாப்பிட்டால் இனிப்பு' என்று பேரம் பேசாதே. ஒரு புதுக் காயை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறை பார்க்க வேண்டியிருக்கும். பெரியவன் அதே காயை ரசித்துத் தின்பதைப் பார்த்தால் வேகமாக நடக்கும். தனியாக உட்காரவைத்து ஊட்டினால் அவள் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வாள்?

இதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எல்லோரும் ஒரே நேரத்தில் உட்காருங்கள். மாமனாருக்குச் சீக்கிரம் பசிக்கிறதென்றால் எல்லோருமே சீக்கிரம் சாப்பிடட்டும். இரவு முடியாவிட்டால் காலை. தன் தட்டில் மட்டும் வேறு ஏதோ இருப்பதை அவர் ஒவ்வொரு வேளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மனைவி போன பிறகு மகன் வீட்டுக்கு வந்திருக்கிற மனிதர், வசந்தா. நீயும் உட்கார்ந்து, உன் பங்கை முதலிலேயே எடுத்துவைத்துச் சாப்பிடு. பரிமாறுவது அண்ணனுக்கும் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் தெரிந்துகொள்ளட்டும். எந்நேரமும் பசிக்கிற பெரியவனுக்குக் கேரட் நறுக்கவும் கை இருக்கிறது.

ஒரு சந்தேகம். மாமனாருக்குச் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று சுமதிக்குச் சொல்லத் தெரியவில்லை. அதில் கோளாறு இருந்தால் புரத அளவு, சில காய்கள், பழங்கள் எல்லாம் மருத்துவர் சொல்கிறபடிதான், என் கணக்கு செல்லாது. உப்புக்குப் பதிலாக விற்கிற குறைந்த சோடியம் உப்பையும் கேட்காமல் வாங்காதே. அதில் பொட்டாசியம் இருக்கும், பழுதான சிறுநீரகத்துக்கு அது ஆபத்து. பரிசோதனை முடிவு கையில் இருந்தால் உடனே எழுது. இல்லாவிட்டால் இந்த வாரமே அண்ணனை விசாரிக்கச் சொல்.

அன்புடன்,
செல்வி