இன்ஹேலர் விலை குறித்து, தில்லியில் இருக்கும் நம் 57 பேருக்கு

தமிழகத்தின் 39 மக்களவை உறுப்பினர்களுக்கும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு இருபது வருடமாக இழுப்பு. மார்கழி பிறந்தால் எங்கள் வாசலில் கோலம் விழுவதற்கு முன்னாலேயே இருமல் சத்தம் தெருவுக்குக் கேட்டுவிடும். காலையில் இரண்டு முறை, இரவில் இரண்டு முறை உறிஞ்சச் சொல்லி டாக்டர் எழுதிக்கொடுத்த இன்ஹேலரில் 120 அழுத்தல் இருக்கும். சரியாக ஒரு மாதம். அம்மாவிடம் அது இரண்டு மாதம் வரும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று. கேட்டால், "இப்ப நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீணாக்கணும்" என்பார். டப்பாவைக் காதோரம் குலுக்கி, இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று கணக்குப் போடுவார். அந்தக் கணக்கை நம்ப முடியாது. மருந்து தீர்ந்த பிறகும் உள்ளே மிச்சமிருக்கும் வாயு சத்தம் கொடுக்கும்.

நூறு நாள் வேலைக்கு 2025–26இல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். அம்மாவின் இன்ஹேலர் அந்த ஒருநாள் கூலிக்குள் அடங்குவதில்லை. பிரஷர் மாத்திரை வீடு தேடி வருகிறது, நல்ல விஷயம். இன்ஹேலருக்கு மட்டும் மெடிக்கலில்தான் நிற்கவேண்டும்.

அங்கே நின்று பாருங்கள். "வீசிங்குக்கு மூணு வேளைக்குக் குடுங்க" என்று ஒருவர் கேட்பார். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று, கூடவே ஒரு ஸ்டீராய்டு மாத்திரை, காகிதத்தில் மடித்துக் கைக்கு வரும். சில்லறைக் காசுதான். அன்றைக்கு இரைப்பு அடங்கும். ஆனால் 4 மில்லிகிராம் சால்பியூட்டமால் மாத்திரை ஒன்று, அதே மருந்தின் 100 மைக்ரோகிராம் இன்ஹேலரை நாற்பது முறை அழுத்துவதற்குச் சமம். நுரையீரலுக்கு மட்டும் போகவேண்டியது உடம்பெல்லாம் சுற்றி, கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். ஸ்டீராய்டு மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கினால் சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். மூச்சுக்குழாய்க்குள் இருக்கும் வீக்கத்தைத் தினமும் அடக்கி வைப்பது உறிஞ்சும் ஸ்டீராய்டுதான். சால்பியூட்டமாலை மட்டும் நம்பிக் காலம் தள்ளாதீர்கள் என்று ஆஸ்துமாவுக்கான உலக வழிகாட்டியான ஜினா 2019இலிருந்தே சொல்லி வருகிறது.

உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆஸ்துமா மரணங்களிலோ நம் பங்கு 40 சதவீதத்துக்கும் மேல். காற்று, விறகடுப்புப் புகை என்று காரணங்கள் அடுக்கலாம். ஆனால் இவ்வளவு பெரிய இடைவெளிக்கு, தினசரி மருந்து கைக்கு எட்டாததும் ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

சரி, விலையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டின் அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த 2013 மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை. அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்துக்கு உச்சவரம்பு உண்டு. அதை எப்படிப் போடுகிறார்கள் தெரியுமா? தயாரிப்புச் செலவைப் பார்ப்பதில்லை. சந்தையில் 1 சதவீதத்துக்குக் குறையாமல் விற்கும் பிராண்டுகளின் விலைக்குச் சராசரி எடுத்து, கடைக்காரருக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். ஏற்கெனவே எகிறி நிற்கும் விலைகளின் சராசரியும் எகிறித்தானே நிற்கும்? அப்புறம் மொத்த விலைக் குறியீட்டைக் காட்டி வருடாவருடம் உயர்வு: 2022இல் 10.77 சதவீதம், 2023இல் 12.12. பட்டியலில், உறிஞ்சும் ஸ்டீராய்டும் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தும் சேர்ந்த புடசொனைடு–ஃபார்மோட்டரால் கூட்டு இருக்கிறது. அதே வகைக் கூட்டான சால்மெட்டரால்–ஃப்ளூட்டிகசோன் இல்லை. பட்டியலுக்கு வெளியே இருப்பதை வருடத்துக்கு 10 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம், கேள்வி கிடையாது. 2025 செப்டம்பரில் மருந்துகளின் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமானது. ஒரு வருட உயர்வில் அது கரைந்துவிடும்.

இந்த ஆணையின் 19ஆம் பத்தி, பொதுநலன் கருதி எந்த மருந்தின் விலையையும் மாற்றும் அதிகாரத்தை அரசுக்குத் தருகிறது. 2017இல் இதய ஸ்டென்ட் விலையை 85 சதவீதம் வரை இறக்கியது இதை வைத்துத்தான். 2024 அக்டோபரில் இதே பத்தியை வைத்துச் சால்பியூட்டமால் மாத்திரையும் நெபுலைசர் மருந்தும் உட்பட 8 மருந்துகளின் 11 வடிவங்களுக்கு உச்சவரம்பை 50 சதவீதம் உயர்த்தினார்கள். கட்டுப்படியாகாமல் கம்பெனிகள் தயாரிப்பையே நிறுத்திவிடும் என்றார்கள். நியாயம் இருக்கலாம். ஏற்றுவதற்குப் பயன்படும் கத்தி இறக்குவதற்கும் பயன்படட்டும் என்பதுதான் என் வாதம்.

அமெரிக்காவில் மினசோட்டா, வாஷிங்டன் மாநிலங்கள் 2025இலிருந்து இன்ஹேலருக்கு நோயாளி தரவேண்டிய தொகையை மாதம் முறையே 25, 35 டாலர் என்று சட்டம் போட்டு நிறுத்திவிட்டன. அதை அப்படியே இங்கே கொண்டுவருவதில் பயனில்லை. அங்கே மீதியைக் காப்பீடு கட்டும். நம் காப்பீட்டு அட்டைகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் வேலை செய்யும். என் அம்மா படுக்காமல் இருக்கத்தானே இன்ஹேலர்?

ஆகவே இங்கே சட்டம் வேறு மாதிரி வேண்டும். எந்தக் கூட்டு, எந்த அளவு என்று பார்க்காமல், உறிஞ்சும் ஸ்டீராய்டு உள்ள எல்லா இன்ஹேலருக்கும் செலவை வைத்து உச்சவரம்பு. எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அது இலவசமாகக் கிடைப்பது நோயாளியின் உரிமை என்று ஒரு பிரிவு. அரசு கொண்டுவரும் என்று காத்திருக்க வேண்டாம். திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமைத் தனிநபர் மசோதா 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறியதே, அது உங்களில் ஒருவர் செய்ததுதான். அடுத்த கூட்டத்தொடரில் யார் எழுந்து நிற்கப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
திருச்சி மாவட்டத்து வாக்காளர் ஒருவர்

பி.கு.: மசோதா எழுதும்போது, இன்ஹேலரின் வாயில் மாட்டும் ஸ்பேசரையும் மறக்காதீர்கள். அந்தக் குடுவை இல்லாமல் அடித்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். அம்மா ஒரு தண்ணீர் பாட்டிலின் அடியில் ஓட்டை போட்டுத்தான் இப்போதைக்குச் சமாளிக்கிறார்.