அந்த மருந்து அட்டையை வைத்திருக்கிறேன்

அப்பா வீட்டுக்கு வந்து நான்கு நாளாகிறது. ஈரல் சுருங்கி, அதனால் நினைவு குழம்பி அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், மறுபடி சொல்ல எனக்குத் தெம்பில்லை. இப்போது தெளிவாகப் பேசுகிறார், என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அது போதும்.

ரத்தம் கொடுத்தவர்கள், ராத்திரி முறைவைத்து உடன் இருந்தவர்கள், பணத்தை அனுப்பிவிட்டு அதைப் பற்றிப் பேச்செடுக்காதவர்கள், தங்கை பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டவர்கள், வார்டு செவிலியர்கள், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத இன்னும் கை வரவில்லை. கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

ஒருவருக்கு மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். ஆய்வுக்காக ரத்தம் எடுக்க வந்த அந்த இளம் மருத்துவருக்கு. பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அது மூன்றாம் ராத்திரி. அப்பா என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்டிருந்தார். ஒப்புதல் தாளை நீட்டியவரிடம் கையெழுத்துப் போடாமல், "நான்தான் ரெண்டு வேளை லாக்டுலோஸ் கொடுக்காம விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மலத்தை இளக்கி, மூளையைக் குழப்பும் கழிவைக் குடலிலிருந்து வெளியேற்றும் மருந்து அது. விட்டதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவர் பேனாவை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அது காரணமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது மட்டுமே காரணம் இல்லை" என்றார். பொய் சொல்லித் தேற்றாததால்தான் மற்றதையும் நம்பினேன்.

காலி மருந்துப் பெட்டியைக் கிழித்து, அட்டையின் உள்பக்கம் படம் போட்டார். குடலில் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை உடைக்கும் ஒரு நொதி, குளுட்டமினேஸ். உடைக்கும்போது அம்மோனியா வருகிறது. நல்ல ஈரல் அதை யூரியாவாக்கிவிடும். சுருங்கிய ஈரலால் முடியாது. மூளைக்குப் போகும் அம்மோனியா அங்கே நரம்பு செல்களுக்குத் துணையாக இருக்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களை வீங்கவைக்கும். பேச்சு குழறுவது, பகலில் தூங்கி ராத்திரி விழிப்பது, நீட்டிய கை படபடவென்று அடிப்பது எல்லாம் அதனால்தான். மலச்சிக்கலோ, கிருமித்தொற்றோ, ரத்தக்கசிவோ வந்தால் அம்மோனியா இன்னும் ஏறும்.

அப்புறம் இரண்டு மணிமாலை வரைந்தார், ஒன்று குட்டை, ஒன்று நீளம். அந்த நொதிக்கான மரபணுவின் முகப்பில் ஒரே எழுத்துகள் திரும்பத் திரும்ப வருமாம். சிலருக்கு அந்த வரிசை நீளம். நீளமாக இருந்தால் மரபணு கூடுதலாக வேலை செய்யும். தாய்வழி, தந்தைவழி இரண்டு பிரதியுமே நீளமாக உள்ள ஈரல் சுருக்க நோயாளிகளுக்கு இந்தக் குழப்பநிலை வர வாய்ப்பு அதிகம் என்று ஸ்பெயின் ஆய்வாளர்கள் 2010-ல் எழுதியிருக்கிறார்கள். "அதே அளவு ஈரல் கெட்ட இன்னொருத்தர் ரெண்டு வேளை விட்டும் தெளிவா இருக்கலாம்" என்றார். அப்பாவுக்கு எந்த மாலை என்று எங்களுக்குத் தெரியாது. ஆனாலும் எத்தனையோ நாளுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு சீராக வந்தது.

இருபது நிமிஷம் இருக்கும். அவருக்கு அது வேலையே இல்லை, ரத்தம் எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். நோயாளியின் பிள்ளைக்கும் ஒரு நோய் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

எழுந்து போகும்போது, எனக்கும் அந்த நீள மாலை வந்திருக்குமா என்று கேட்டேன். வந்திருக்கலாம், ஈரல் நன்றாக இருக்கும்வரை அது இப்படி மூளையைத் தொடாது என்றார். சரி, அதைக் காப்பாற்றுவது என் பொறுப்பு. தங்கையும் நானும் ஈரல் பரிசோதனை செய்துகொண்டோம். ஹெபடைடிஸ் பி ஊசி முதல் தவணை போட்டாயிற்று. மது இந்த வீட்டில் இனி இல்லை.

டாக்டர், இது உங்கள் கண்ணில் பட்டால்: நீங்கள் சொன்னபடி அப்பா தினமும் காலையில் ஒரு நோட்டில் தன் பெயரை எழுதுகிறார். முதல் நாள் எழுத்து கோட்டைவிட்டுச் சரிந்து கிடந்தது. இன்றைக்குக் கடைசிப் புள்ளிவரை வைத்துவிட்டு, "போதுமா?" என்று கேட்டார்.