வழிகாட்டிகள் எங்கள் வண்டி முன்பும் நிற்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் முத்தியால்பேட்டையில் 22 வருடமாகத் தள்ளுவண்டியில் இட்லி, தோசை போட்டு விற்பவள். என் வண்டிக்கு வரும் ஆட்டோக்காரர்கள் தங்கள் நாளிதழைப் படித்து மடித்து வைத்துவிட்டுப் போவார்கள். பத்து மணிக்கு மேல் ஏனமெல்லாம் கழுவிக் கவிழ்த்தபிறகு உட்கார்ந்து நான் படிப்பேன். புதுச்சேரியில் சுற்றுலாவை வளர்க்க வேண்டும் என்று அதில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்த விஷயத்தில் எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு வெளியிடுங்கள்.

என் மகன் மொரீஷியஸ் தீவில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை செய்கிறான். முழங்கால் வலியோடு தினமும் நாலு மணிக்கு எழுந்திருக்கிறாயே, பத்து நாளாவது அடுப்பைப் பார்க்காமல் இரு என்று டிக்கெட் எடுத்து அழைத்துக்கொண்டான். கடலைக் காட்டினான், மலையைக் காட்டினான், எங்கே திரும்பினாலும் கரும்புத் தோட்டம். கடல் நமக்கென்ன புதிதா? அந்த ஊர் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து அச்சடித்திருப்பதைப் பார்த்ததும்தான் எனக்கு மெய்சிலிர்த்தது. போன நாலாம் நாள் காலையில், "இன்னைக்கு உன்னை ஒரு சாப்பாட்டு நடைக்கு அனுப்பறேன்மா, நானும் வரேன்" என்றான். தெருத்தெருவாக நடந்து, அந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டுப் பார்ப்பது, கூடவே வழிகாட்டி ஒருவர் வருவார், அதற்குக் கட்டணம். தெருவில் நின்று சாப்பிடக் காசு கட்டுவார்களா என்று எனக்குக் கோபமே வந்தது. போய்விட்டு வந்தபிறகு இந்தக் கடிதத்தை மனசுக்குள் எழுதத் தொடங்கிவிட்டேன்.

எங்களோடு சேர்த்து எட்டுப் பேர். தலைநகரம் போர்ட் லூயியில் துறைமுகத்தைப் பார்த்து நிற்கும் ஒரு சிலையடியில் வழிகாட்டிப் பெண் காத்திருந்தாள். முப்பது வயதிருக்கும். தமிழ் வம்சம்தான், ஆனால் தமிழ் பேச வராது. அவள் அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலிலும் ஆங்கிலத்திலும் சொல்ல, மகன் எனக்குத் தமிழில் சொன்னான். சிலை லபூர்தொனேயுடையது. 1735இல் பிரெஞ்சு கவர்னராக வந்து இந்தத் துறைமுக நகரத்தை எழுப்பியவர். கல் அடுக்கவும் மரம் அறுக்கவும் இரும்பு அடிக்கவும் புதுச்சேரியிலிருந்து ஆட்கள் வந்தார்கள் என்றாள். விரும்பி வந்தவர்களும் உண்டு, அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு என்பதையும் மறைக்காமல் சொன்னாள். "எங்க அம்மா அந்தப் புதுச்சேரிதான்" என்று மகன் சொல்லிவிட்டான். அவள் என் கையைப் பிடித்து மற்றவர்கள் முன்னால் நிறுத்தி, "இந்த ஊரின் பழைய சுவர்களைக் கட்டியவர்கள் இந்த அம்மாவின் ஊர்க்காரர்கள்" என்றாள். இதே லபூர்தொனேதான் 1746இல் சென்னையைப் பிடித்தவர். அதைத் திருப்பிக் கொடுப்பதா வேண்டாமா என்று புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னராக இருந்த நம் துய்ப்ளேயோடு சண்டை போட்டவர். நம் கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் துய்ப்ளே நிற்கிறார், அங்கே லபூர்தொனே நிற்கிறார். துய்ப்ளேயிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப்பிள்ளையின் நாட்குறிப்பில் இருவர் பேரும் இருக்கின்றன. பிள்ளையின் வீடு நம் பெரிய மார்க்கெட்டான குபேர் மார்க்கெட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மூட்டை தூக்குகிறவர்களும் மீன்காரம்மாக்களும் தினம் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

பிறகு ஆப்ரவாசி காட் என்ற இடம். 1834 முதல் ஏறக்குறைய 5 லட்சம் பேர் இந்தியாவிலிருந்து கூலிகளாக வந்து இறங்கிய துறை. 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய 16 கல்படிகள் அப்படியே இருக்கின்றன. சாப்பாட்டு நடையில் இது எதற்கு என்று ஒருவர் கேட்டார். கூலியோடு அவர்களுக்கு அளந்து கொடுத்த உணவுப்படி இதுதான்: அரிசி, பருப்பு, உப்பு, கொஞ்சம் எண்ணெய்; இனி நீங்கள் சாப்பிடப்போவதெல்லாம் அந்த உணவுப்படியிலிருந்து வந்ததுதான் என்றாள். அதற்குப் பிறகு யாரும் அவசரப்படவில்லை.

அங்கிருந்து மார்க்கெட். வாசலோரம் ஒருவர் தோல்பூரி போட்டுக்கொண்டிருந்தார். நம் பருப்புப் போளியில் வெல்லத்தை எடுத்துவிட்டால் எப்படியோ அப்படி. மைதா மாவுக்குள் பட்டாணிப் பருப்புப் பொடி, மஞ்சளும் சீரகமும் சேர்ந்தது. உருண்டையைத் தட்டி, கட்டையால் தேய்த்துத் தேய்த்து, அடியில் இருக்கும் பலகையின் கோடு தெரியும் அளவுக்கு மெல்லிசாக்கிவிடுகிறார். அப்படியும் ஒரு இடத்தில் கிழியவில்லை, பூரணம் பிதுங்கவில்லை. இருபத்திரண்டு வருடம் மாவோடு பழகிய கை என்னுடையது. என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை. எப்படிக் கிழியாமல் வருகிறது என்று கேட்கச் சொன்னேன். வழிகாட்டி தானே பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரைக் கேட்டாள். அவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு பருப்பை எடுத்து இரண்டு விரலால் நசுக்கிக் காட்டினார். விரலில் நசுங்க வேண்டும், குழையக் கூடாது. தண்ணீரை வடித்துச் சூடு ஆறுவதற்குள் பொடித்துவிட வேண்டும். வடித்த தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே மாவு பிசைய வேண்டும். அந்தத் தண்ணீர்தான் மாவைப் பட்டுப்போல் இழுக்க வைக்கிறது. என் கையைப் பார்த்தார். உள்ளங்கைக் காய்ப்பைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தார். "உங்க அம்மாவும் நம்ம ஆளுதான்னு சொல்றாரு" என்றான் மகன்.

தோல்பூரி ஜோடியாகத்தான் விற்கிறது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து மொச்சைபோல் பெரிய பீன்ஸ் குழம்பு, தக்காளித் தொக்கு, கொத்தமல்லிச் சட்னி, மிளகாய் விழுது தடவி, சுருட்டிக் காகிதத்தில் கொடுக்கிறார்கள். அடுத்த கடையில் பருப்பைக் கொரகொரப்பாக அரைத்த குட்டி வடை, அதை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தின்கிறார்கள். அதற்கு அடுத்து அலூதா: குளிர்ந்த பாலில் கடல்பாசித் துருவலும் சப்ஜா விதையும். அன்னாசியைக் கீற்றுப் போட்டு மிளகாயும் புளியும் பூசியும் விற்கிறார்கள். சீனக் கடைகளில் வேகவைத்த உருண்டைகள். சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

ஒரு இடத்தை மட்டும் மறக்க முடியாது. கீரை விற்கும் பெண்மணியிடம் ஒரு கட்டைத் தூக்கிக் காட்டி வழிகாட்டி, "ப்ரேத் முரூம்" என்றாள். முருங்கைக்கீரை. பக்கத்தில் கறிவேப்பிலை; அதைக் "காரிப்பூலே" என்றாள். அவள் பாட்டி காய்ச்சலுக்கு வைத்துக் கொடுத்தது "ரசோன்" என்றாள். ரசம்! தமிழில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாத பெண், சாப்பாட்டுச் சொற்களை மட்டும் நாலைந்து தலைமுறையாக நாக்கில் வைத்திருக்கிறாள். நான் ஒவ்வொன்றாக முருங்கை, கறிவேப்பிலை, ரசம் என்று சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னாள். தைப்பூசக் காவடிக்குப் பிறகு வாழையிலையில் ஏழு கறி வைத்துச் சாப்பிடுவார்களாம், அதற்கு அடுத்த தடவை வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டாள்.

அந்த மூன்று மணி நேரத்தில் நான் உன்னிப்பாகக் கவனித்தது அவள் நடந்துகொண்ட விதத்தைத்தான். ஒவ்வொரு கடையிலும் முதலில் காசைக் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்கு வாங்கித் தந்தாள். கடைக்காரரைப் பேர் சொல்லி அறிமுகம் செய்தாள். உள்ளூர் வாடிக்கையாளர் வந்தால் எங்களை ஒதுங்கி நிற்கச் சொல்லி, அவர்களுக்கு வழிவிட்டாள். வேலைக்குப் போகிறவர்கள் பசியோடு நிற்கிறார்கள், நாம் பார்க்க வந்தவர்கள் என்றாள். படம் எடுக்குமுன் கேட்க வைத்தாள். வியாபாரம் தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும், காலை நேரத்தில் எட்டுப் பேர் வந்து வண்டியை மறைத்துக்கொண்டு நின்றால் எவ்வளவு நஷ்டம் என்று.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நானும் சில நாள் வண்டியை, பிரெஞ்சுத் தெருக்களையும் தமிழர் பகுதியையும் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குப் பக்கத்தில் போட்டதுண்டு. ஒரு டிசம்பர் மாதம் வழிகாட்டி ஒருவர் பத்துப் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு என் வண்டியைத் தாண்டிப் போனார். அதில் ஒரு பெண், மதுரைப் பக்கத்துப் பேச்சு, ஆவி பறக்கும் இட்லியைப் பார்த்துவிட்டு நின்றாள். அவர் தமிழிலேயே, "இதெல்லாம் வேண்டாம் மேடம், தண்ணி எப்படி இருக்கும்னு தெரியாது, நல்ல கஃபே ஒண்ணு இருக்கு" என்று அழைத்துக்கொண்டு போனார். என் காதில் விழும்படி. உணவுப் பாதுகாப்புப் பதிவுச் சான்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வண்டியில் மாட்டியிருக்கிறேன். குடிக்கக் கொடுப்பது கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். அவர் என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அன்றைக்கு எனக்கு வேலையே ஓடவில்லை.

அவரை நான் திட்டவில்லை. அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான். மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் உள்ள நாலு தெருதான் புதுச்சேரி என்று அவருக்கும் பாடம். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று வருகிறவர்களுக்கு யார் காட்டுவது?

விடிகாலையில் குபேர் மார்க்கெட்டுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். மீன்காரம்மா ஒருவரிடம் அரை மணி நேரம் நின்றால் வஞ்சிரம் எது, சுதும்பு எது, காரப்பொடி மீன் குழம்புக்கு ஏன் புளி கூட வேண்டும், சங்கராவின் செவுளை எப்படிப் பார்ப்பது என்று எல்லாம் சொல்லுவார். அவரைவிட நல்ல வழிகாட்டி யார் இருக்கிறார்? சித்திரை வெயிலில் எங்கள் மாடியில் வடகம் போடுகிறோம். சின்ன வெங்காயம், பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம் சேர்த்து, விளக்கெண்ணெய் தொட்டு உருட்டி, பகலில் காயவைத்து, சாயங்காலம் எடுத்து மறுபடி பிசைந்து உருட்டி, இப்படிப் பல நாள். மீன்குழம்பைத் தாளிக்கும்போது அதில் ஒரு துண்டைக் கிள்ளிப் போட்டால் வாசம் தெருக்கோடிக்குப் போகும். இதைப் பிரெஞ்சுக்காரர்கள் "வடுவான்" என்று பேர் வைத்து எடுத்துக்கொண்டு போய், வெளிநாட்டுப் பெரிய சமையல்காரர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள் என்று மகன் சொன்னான். அது பிறந்த மாடிகள் இங்கே இருக்கின்றன. நம் கிறிஸ்தவ வீடுகளில் வினிகரும் பூண்டும் போட்டு வைக்கும் விந்தாலுவுக்கு உறவுக்காரன்போல ஒன்றை, மஞ்சளும் கடுகும் சேர்த்து, அந்தத் தீவில் "விந்தாய்" என்ற பேரில் மீனில் சாப்பிட்டேன். இந்த உறவையெல்லாம் சொல்ல இங்கே ஒருவர் வேண்டாமா?

ஆகவே சுற்றுலாத் துறையும் நகராட்சியும் சேர்ந்து தமிழர் பகுதியில் ஒரு காலைச் சாப்பாட்டு நடையைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதைத் தமிழிலும் நடத்த வேண்டும். சனி, ஞாயிறு இங்கே நிறைகிற கூட்டத்தில் கடலூர், விழுப்புரம், சென்னையிலிருந்து வருகிறவர்கள் எத்தனை பேர்! வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கும்போது ஒருநாள் முழுக்க எங்களோடு நிற்க வையுங்கள். நாலு மணிக்கு வரச் சொல்லுங்கள். எந்தக் கடை, எந்த நேரம், எத்தனை பேர் என்பதை எங்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டத்தில், நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று இருக்கிறது. இந்த ஏற்பாட்டிலும் எங்களுக்கு அப்படி ஒரு இடம் வேண்டும். அதற்கு முன்னால் மார்க்கெட் பக்கம் நல்ல தண்ணீர்க் குழாய் ஒன்றும், பெண்கள் போகிற மாதிரி ஒரு கழிப்பறையும் வேண்டும். விடியற்காலையிலிருந்து உட்கார்ந்திருக்கும் மீன்காரம்மாக்கள் படும் பாட்டைப் பார்த்தால் யாருக்கும் புரியும்.

நான் ஊர் திரும்பியதும் அந்த வடித்த தண்ணீர் விஷயத்தைப் போளியில் செய்து பார்த்தேன். கடலைப்பருப்பு வேகவைத்த தண்ணீரிலேயே மாவு பிசைந்தேன். முதல் நாள் தண்ணீர் கூடிவிட்டது, இரண்டாம் நாள் வந்துவிட்டது. ஓரம்கூடக் கிழியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் இப்போது வண்டியில் போளியும் இருக்கிறது. எங்கிருந்து கற்றாய் என்று கேட்கிறவர்களுக்கு அந்த மார்க்கெட் வாசலைச் சொல்கிறேன். வழிகாட்டி யாராவது வந்து நின்று கேட்டால் அவருக்கும் சொல்லிக் கொடுப்பேன். முதல் ஈடு இட்லி ஐந்தரைக்கு இறங்கிவிடும்.

இப்படிக்கு,
இட்லிக்கடை வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.