கோயிலுக்குள் ஒரு சறுக்குமரம்

நாரிட்ஜ், இங்கிலாந்து
22 செப்டம்பர் 2024, ஞாயிறு

கர்த்தருக்குள் அன்பான அப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். நாங்கள் மூன்று பேரும் சுகம். அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கேட்க மாட்டார்கள், இருந்தாலும் சொல்லுங்கள்.

நீங்கள் போன வாரம் போனில் அரைமணி நேரம் பேசியதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் இரண்டு வசனம் சொல்லிவிடுவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

நம் சபைக்குப் புது ஐயர் வந்ததும் டிரம்ஸ் வந்துவிட்டது, பலிபீடத்துக்குப் பக்கத்தில் வெள்ளைத் திரை தொங்குகிறது, உங்கள் ஆர்மோனியத்தை வெஸ்ட்ரி அறைக்குள் தள்ளிவிட்டார்கள், நீங்கள் மூன்று வாரமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். எல்லாம் மயினி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். நாற்பது வருஷம் முன்வரிசையில் இருந்தவர் கடைசி பெஞ்சுக்குப் போனால் சபையார் என்ன நினைப்பார்கள் என்பது இருக்கட்டும். நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைதான் அன்றைக்கு ராத்திரி டூட்டி முழுக்க என் காதில் இருந்தது. “வெள்ளைக்காரன் தந்த ஆராதனை முறையை அவன் ஊரில் அவன் ஒழுங்காக வைத்திருப்பான். நாம்தான் கெடுக்கிறோம்” என்றீர்கள்.

அப்பா, இந்த ஊர் கதீட்ரலுக்குள் 2019 ஆகஸ்டில் சறுக்குமரம் வைத்திருந்தார்கள்.

நான் வருவதற்கு முன்னால் நடந்தது. கூட வேலை செய்கிறவர்கள் போனில் படம் காட்டியபோதுதான் நம்பினேன். நம் பொருட்காட்சித் திடலில் வருகிற மாதிரி, நடுவில் நிற்கிற அதன் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி இறங்குகிற 55 அடிச் சறுக்கு. 1096இல் கட்ட ஆரம்பித்த கோயில் அது. அந்தத் தூண்களுக்கு நடுவே பதினொரு நாள் இது நின்றிருக்கிறது. ஆளுக்கு 2 பவுண்டு. கடைசி ஞாயிறு ஒரு பிஷப் சறுக்கிக்கொண்டே வந்து, பாதியில் நின்று, அங்கிருந்தே பிரசங்கம் செய்தாராம். உங்களுக்கு இப்போது கோபம் வரும். இங்கேயும் பலருக்கு வந்தது.

ஆனால் காரணத்தைக் கேளுங்கள். அந்தக் கோயிலின் உள்கூரையில், கல் வளைவுகள் வந்து சேருகிற இடங்களிலெல்லாம் உருண்டை உருண்டையாகக் கல்லைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். கோயில் முழுக்க ஆயிரத்துக்கு மேல். நடுக்கூடத்தில் இருப்பவை சிருஷ்டிப்பு தொடங்கி கடைசி நியாயத்தீர்ப்பு வரைக்கும் வேதத்தை வரிசையாகச் சொல்கின்றன. நோவாவின் பேழைகூட இருக்கிறது. எழுபதடி உயரத்தில் இருந்தால் யார் கண்ணுக்குத் தெரியும்? கீழே இருந்து பார்த்தால் நமக்குக் கழுத்து வலிதான். சறுக்குவதற்கு மேலே ஏறுகிறவன் அதைப் பக்கத்தில் பார்ப்பான் என்பது அவர்கள் கணக்கு. சரியா தப்பா, எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை. இயேசுவைப் பார்க்கச் சகேயு காட்டத்தி மரத்தில் ஏறினது ஞாபகம் வந்தது, அவ்வளவுதான்.

அதே கோடையில் ராச்செஸ்டர் கதீட்ரலில் கோல்ஃப் விளையாட்டுக்கு ஒன்பது குழி. 2021இல் இந்த ஊர்க் கதீட்ரலுக்கு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்திலிருந்து 26 மீட்டர் நீள டைனோசர் எலும்புக்கூட்டின் வார்ப்பு வந்து நின்றது. இந்த வருஷம் பிப்ரவரியில் கேன்டர்பரியில், ஆர்ச்பிஷப்பின் கோயிலுக்குள், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஆட்டம். இது எனக்குப் பிடிக்கவில்லை. அது ஆராதனையும் இல்லை, டிக்கெட் போட்ட கூத்து. வெளியே நின்று எதிர்த்து ஜெபம் செய்தவர்களின் பக்கம்தான் என் மனசு.

இவர்கள் ஏன் இப்படித் தவிக்கிறார்கள் என்பதை வேலைக்கு நடந்து போகும்போதே பார்க்கிறேன். பழைய நகரச் சுவருக்குள் மட்டும் முப்பதுக்கு மேற்பட்ட பழங்காலக் கோயில்கள் இந்த ஊரில். பாதிக்கு மேல் ஆராதனை கிடையாது. பரிசுத்த யாக்கோபின் கோயிலில் பொம்மலாட்டம் நடக்கிறது. இன்னொன்றில் கச்சேரி அரங்கு. முதல்முறை சின்னவனைப் பொம்மலாட்டத்துக்குக் கூட்டிப்போனபோது, கதவைத் தாண்டியதும் பழக்கத்தில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டேன். டிக்கெட் கிழிக்கிற பெண் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வந்த புதிதில் நான் போன சபையைப் பற்றி உங்களிடம் சொன்னதில்லை. பெரிய சபை. உள்ளே இருட்டு, மேடையில் நீலவெளிச்சம், புகை, கித்தார் நான்கு. வாசலில் காப்பி கையில் கொடுத்து, பல் தெரியச் சிரித்து, “வெல்கம்” என்பார்கள். ஐந்து ஞாயிறு போனேன். ஐந்தாவது ஞாயிறும் அதே ஆள் அதே சிரிப்போடு “முதல் தடவை வருகிறீர்களா?” என்று கேட்டார். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பீக்கர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை, பக்கத்தில் நிற்கிறவர் பாடுகிறாரா இல்லையா என்பதும் தெரியவில்லை. ஆறாவது ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டேன். இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அப்புறம்தான் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற சின்னக் கோயிலுக்குப் போனேன். காலை எட்டு மணி ஆராதனை. என்னைச் சேர்த்து ஒன்பது பேர். கையில் கொடுத்தது 1662ஆம் வருஷத்து ஜெபப்புத்தக முறை. சந்தோஷப்படுங்கள், அது இன்னும் இருக்கிறது. பாவ அறிக்கை வந்ததும் அவர்கள் ஆங்கிலத்தில் சொல்ல, என் வாய் தானாகத் தமிழில் ஓடிற்று. பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் “நீ சொன்னது என்ன மொழி?” என்று கேட்டார். அவர் வீட்டில்தான் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு.

இந்தக் கோயிலின் குருவானவர் ஒரு பெண். நம் தென்னிந்தியத் திருச்சபையில் 1976லேயே பெண்கள் அபிஷேகம் பெற்றார்கள், இவர்களுக்கு 1994இல்தான் வந்தது என்று அவரிடம் சொன்னேன். அவர் என்னிடம் வேறொன்று சொன்னார். திருவிருந்துக்கு முன்னால் கையோடு கை சேர்த்துச் சமாதானம் சொல்கிறோமே, நாம் 1950இல் திருவிருந்து முறையை அமைத்தபோது மலையாளத்துச் சுரியானி வழக்கத்திலிருந்து எடுத்துச் சேர்த்தது. நம்மைப் பார்த்துத்தான் மேற்கத்திய சபைகள் பலவும் அந்தப் பழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தனவாம். ஆக, தந்தது வெள்ளைக்காரன் மட்டும் இல்லை அப்பா. வாங்கியும் இருக்கிறான்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். மாதம் ஒருமுறை, மூன்றாவது வியாழன் சாயங்காலம், பள்ளிக்கூடம் விட்ட கையோடு இங்கே ஓர் ஆராதனை. பெயர் மெஸ்ஸி சர்ச். மெஸ்ஸி என்றால் அலங்கோலம். அலங்கோலச் சபை! சின்னவன் கால்பந்து மெஸ்ஸி வரப்போகிறான் என்று நினைத்துக் கிளம்பினான். போர்ட்ஸ்மத் பக்கத்தில் கௌப்ளெய்ன் என்கிற ஊரில் 2004இல் லூசி மூர் என்ற அம்மாவும் அவர்கள் சபையாரும் ஆரம்பித்தது. ஞாயிறு காலை பிள்ளைகளுக்குப் பந்து விளையாட்டு இருக்கிறது, தாய் தகப்பனுக்கு அது ஒன்றுதான் தூங்குகிற நாள். சரி, அவர்கள் வருகிற நேரத்தில் நாம் கோயிலைத் திறந்து வைப்போம் என்று செய்தது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது.

போன வியாழன் கதை, ஒரு பையன் இயேசுவிடம் கொடுத்த ஐந்து அப்பமும் இரண்டு மீனும். மேசைகளில் பழைய செய்தித்தாள் விரித்து, ஒன்றில் களிமண், ஒன்றில் வண்ணக் காகிதம், ஒன்றில் ரொட்டி மாவு. என்னை மாவு மேசையில் போட்டார்கள். சப்பாத்திக்கு மாவு பிசைகிற கையைப் பார்த்தவுடனே மேசை பிரித்துக்கொடுத்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. எனக்கு எதிரே, ரோடு வேலைக்குப் போடுகிற ஆரஞ்சு சட்டையோடு ஒருத்தர், மடியில் மூன்று வயதுப் பெண்பிள்ளை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் தவிரக் கோயிலுக்குள் வந்ததில்லை என்றார். மாவு அவர் கையில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. கொஞ்சம் மாவு தூவிப் பிசையுங்கள் என்று காட்டிக்கொடுத்தேன். அந்தப் பிள்ளை மூக்கில் மாவோடு, “அந்தப் பையன் தன் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டால் அவன் என்ன சாப்பிடுவான்?” என்று கேட்டது. அந்த மனுஷன் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் குருவானவரைப் பார்த்தேன். அவர், “நல்ல கேள்வி, சாப்பிடும்போது பேசுவோம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்! நம் ஊரில் இதற்கு முக்கால் மணி நேரப் பிரசங்கம் கிடைத்திருக்கும்.

பிறகு கோயிலுக்குள்ளே தரையில் உட்கார்ந்து கதை, ஒரு பாட்டு, ஒரு ஜெபம். பதினைந்தே நிமிஷம். ஜெபத்துக்கு ஆளுக்கொரு ஹேசல் கொட்டை கொடுத்தார்கள், நம் புன்னைக்கொட்டை மாதிரியே உருண்டையாக இருக்கும். 1373இல் இந்த ஊரில் ஜூலியன் என்று ஓர் அம்மா தரிசனம் கண்டு எழுதிவைத்திருக்கிறார். படைத்த எல்லாமும் உள்ளங்கையில் ஒரு கொட்டை அளவில் தெரிந்ததாம், தேவன் நேசிப்பதால் அது நிலைத்திருக்கிறதாம். கையை மூடிக்கொண்டு ஒரு நிமிஷம் சும்மா இருங்கள் என்றார்கள். இருபது பிள்ளைகளும் சும்மா இருந்தார்கள் அப்பா. அதுதான் எனக்கு அதிசயம்.

அதற்குப் பின்னால் சாப்பாடு. நீளமேசை போட்டு, எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, காசு கிடையாது. அன்றைக்கு உருளைக்கிழங்கு மசியலும் சாஸேஜும், நாங்கள் பிசைந்த ரொட்டியும். நான் ஒரு சட்டி எலுமிச்சைச் சாதம் கொண்டு போயிருந்தேன். ரோடு வேலைக்காரர் மூன்று தடவை வாங்கினார். எனக்கு நம் பிரதிஷ்டைப் பண்டிகை அசனம்தான் கண்ணில் நின்றது. அண்டா அண்டாவாகச் சோறு, பந்தியில் யார் யாரோ, கடைசியில் தூக்குவாளியில் வாங்கிப் போகிறவர்கள். இவர்கள் இருபது வருஷமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருப்பது நம் பாட்டன்மார் வருஷாவருஷம் செய்ததுதான் என்று குருவானவரிடம் சொல்லியிருக்கிறேன். மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு ஐயா, ‘பரட்டை’ என்பார்களே, அவர் ஒரே உலையில் பொங்கித் தின்பதைப் பற்றியே பாட்டுக் கட்டி, பறையோடும் கிராமத்து மெட்டோடும் ஆராதனை அமைத்தார் என்பதையும் சொன்னேன். பறையை உங்களுக்கு அப்போது பிடிக்காது என்பதைச் சொல்லவில்லை.

இன்னொன்று. எட்டு மணி ஆராதனைக்கு ஆர்கன் வாசிக்கிற தாத்தா சொன்னது. இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கே கிராமத்துக் கோயில்களில் மேல்மாடத்தில் பிடில், கிளாரினெட், பஸூன் என்று ஊர்க்காரர்களே வாத்தியம் வாசிப்பார்களாம். பின்னால் வந்த குருமார், இது சத்தம், ஒழுங்கில்லை என்று அவர்களைக் கீழே இறக்கிவிட்டார்கள். பல ஊர்களில் சண்டை. அவர்களை இறக்கிவிட்டு எதைக் கொண்டுவந்து வைத்தார்கள் தெரியுமா? ஆர்கனுக்கு வசதியில்லாத ஊர்களில், ஆர்மோனியத்தை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாத்தாவுக்குக் காரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

நீங்கள் பெரிதாக நினைக்கிற அறுப்புப் பண்டிகையும், இப்போது நடக்கிற வடிவத்தில், 1843இல் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரில் ஹாக்கர் என்கிற ஐயர் தொடங்கி வைத்ததுதான். இங்கே முருங்கைக்காயும் கோழியும் ஏலம் கிடையாது. பீன்ஸ் டின்னும் பாஸ்தா பாக்கெட்டும் கொண்டுவந்து படைப்பார்கள். அது இல்லாதவர்களுக்குப் போய்ச் சேரும். ஏலம் இல்லாத அறுப்புப் பண்டிகை எனக்கு உப்பில்லாத மாதிரிதான் இருக்கிறது. போன வருஷம் குருவானவரிடம் கேட்டுப் பார்த்தேன், ஒரு டின் பீன்ஸை இருபது பவுண்டுக்கு ஏன் எடுக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை.

அக்டோபர் 17 வியாழன் எங்கள் அலங்கோலச் சபையில் அறுப்புப் பண்டிகை. பிள்ளைகளுக்கு ஒரு தமிழ்க் கீர்த்தனை சொல்லிக்கொடுக்க என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பல்லவி மட்டும் போதும். நான் பாடினால் சுருதி எங்கேயோ போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நீங்கள் ஆர்மோனியத்தில் வாசித்து அனுப்ப வேண்டும். ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நீங்கள் முதலில் எடுப்பீர்களே, அது. ஆதி தாளம், நிதானமாக வாசியுங்கள். இங்கே பெட்டி மாதிரி ஒன்றின்மேல் உட்கார்ந்து தட்டுகிற பையன் ஒருவன் இருக்கிறான், பன்னிரண்டு வயது. தாளம் அவனுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும். வெறும் ஆர்மோனியத்தை வைத்து அவனால் பிடிக்க முடியாது, யாராவது கூடவே லேசாகத் தட்டினால் நல்லது.

ஆர்மோனியம் வெஸ்ட்ரியில் இருக்கிறது, சாவி ஐயரிடம் இருக்கும். உங்களுக்குப் போனில் பதிவு செய்யத் தெரியாது. டிரம்ஸ் அடிக்கிற பையன் யாரோ, அவனுக்குத் தெரியாமல் இருக்காது.

10ஆம் தேதிக்குள் வந்தால் போதும். அம்மாவுக்கும் அண்ணன் மயினிக்கும் ஸ்தோத்திரம்.

உங்கள் அன்பு மகள்,
எஸ்தர்

பி.கு.: எழுதுவது நார்விச், சொல்வது நாரிட்ஜ். போனில் நீங்கள் சொன்னதுதான் தப்பு. திருநெல்வேலியை டின்னவேலி ஆக்கினவர்கள் ஊர்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.